கோரையும் பிரம்பும்தான் எங்கள் கட்சி



நடுவர் அவர்களே, எதிரணித் தம்பி அடித்துப் பேசினார். ப்ளைவுட்டும் ஃபோமும்தான் மும்பைக்குச் சரி, கோரையும் பிரம்பும் கயிறும் ஊரோடு போகட்டும் என்றார். சரி. ஆனால் பேசுவதற்கு எழுந்தாரே, அப்போது கவனித்தீர்களா? சட்டை முதுகில் ஒட்டி, பேன்ட் இருக்கையில் ஒட்டி, ப்ளாஸ்டிக் நாற்காலியும் அவர்கூடவே மைக்குக்கு வரப் பார்த்தது! மே மாதத்து மும்பை ஆண்டாப் ஹில் ஐயா இது. அந்த நாற்காலிக்கு மே என்றும் தெரியாது, ஜூலை என்றும் தெரியாது.

பிரம்பு நாற்காலி அப்படி இல்லை. முதுகுப் பக்கம் கண் கண்ணாகத் துளை, காற்று போய்வரும். பின்னுகிறவர் பிரம்பு நாரை முதலில் தண்ணீரில் ஊறப்போடுவார். ஊறினால் வளையும், பின்னி முடித்துக் காயும்போது சுருங்கித் தானே இறுகும். உட்கார்ந்து உட்கார்ந்து தொய்ந்துபோனாலும், அடிப்பக்கம் ஈரத்துணி போட்டு நிழலில் காயவைத்தால் ஓரளவு மேலே வந்துவிடும். ஃபோமில் பள்ளம் விழுந்தால்? அந்தப் பள்ளத்துக்குள்ளேயே குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். தரைத்தளம். ஒரு பெரிய கடையில், பெயர் வேண்டாம், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரி வாங்கினோம். முதல் ஜூலையிலேயே வாசற்படி தாண்டி இரண்டு விரற்கடை தண்ணீர். ஒரு மணி நேரம்தான் நின்றது. அலமாரியின் அடிப்பலகை பூரி மாதிரி உப்பிக்கொண்டது. விரலால் அழுத்தினால் ஊறின ரஸ்க் போல உதிர்ந்தது. தண்ணீர் காய்ந்தும் உப்பினது உப்பினதுதான். பக்கத்திலேயே என் மாமியாரின் தேக்குப் பெட்டி, அதே தண்ணீரில் நின்றது. மூடி இறுகிக்கொண்டது, அவ்வளவுதான். மழைக்காலம் முழுக்க ஒரு குத்துவிட்டுத்தான் திறந்தோம். அக்டோபர் ஹீட் வந்ததும் பழையபடி ஆகிவிட்டது.

காரணம் இருக்கிறது. மரம் நீளவாட்டில் அசையாது. குறுக்குவாட்டில்தான் ஈரத்துக்கு விரியும், வறட்சிக்குச் சுருங்கும். இது தெரிந்த ஆசாரி கதவுப் பலகையைச் சுற்றிலும் ஆணியடித்து முடக்கமாட்டார். சட்டத்தில் காடி எடுத்து, அதற்குள் செருகி, நூலளவு இடம் விட்டுவைப்பார். அந்த நூலளவு இடம்தான் நடுவர் அவர்களே, ஆசாரி மழைக்கு ஒதுக்கிவைத்த இடம். இந்த ஊர் மழை சாதாரண மழையா? 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். அன்றைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களிடம் நான் வாதாடவே தேவையில்லை.

அடுத்தது பாய். திருநெல்வேலிக்காரர்கள் நிறையப் பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். சேரன்மகாதேவி பக்கம் பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, திரும்பவும் காயவைத்து நெய்கிறார்கள். அங்குள்ள இஸ்லாமியக் குடும்பங்களின் கைத்தொழில் அது, புவிசார் குறியீடும் வாங்கியது. நயமான பாய் பட்டுத்துணி போல மடியும். விலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். நமக்கு எதற்கு அது? சாதாரணக் கோரைப்பாய் போதும். வியர்வையை உறிஞ்சும், காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் வீடு திரும்பக் கிடைக்கும். குடிசை மறுவாழ்வுத் திட்டத்தின் எஸ்ஆர்ஏ வீடு முதலில் 225 சதுர அடி, பிறகு 269, இப்போது 300. அதில் சோபா கம் பெட் போட்டுவிட்டு, மனிதர்கள் எங்கே நிற்பது?

தம்பி கேட்டார், ஜூலையில் பாயில் பூஞ்சை பூக்காதா என்று. பூக்கும். கயிற்றுக் கட்டிலில் மூட்டைப்பூச்சி வராதா என்றார். வரும். ஆனால் பாயை உதறலாம், கட்டிலைத் தூக்கி மொட்டைமாடி வெயிலில் போடலாம், கயிறு தொய்ந்தால் கால்மாட்டில் இழுத்துக் கட்டலாம். சோபாவுக்குள் பூஞ்சை பிடித்தால் மூக்குக்குத்தான் தெரியும், கைக்கு எட்டாது. முட்டிவலிக்காரர்கள் தரையில் உட்கார முடியாது என்றாரே, அவர்களுக்குத்தான் கட்டிலும் பிரம்பு நாற்காலியும்.

ஒன்றைமட்டும் என் அணியினருக்கே சொல்கிறேன். முதலில் பேசிய அக்கா வெட்டிவேர்த் தட்டியைப் புகழ்ந்தார். டெல்லி வறட்டு வெயிலில் அது சொர்க்கம். இந்தக் கடற்கரை ஊரில் காற்றே ஈரம், தட்டியில் தெளித்த தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தர இடமில்லை. வாசனை கிடைக்கும், குளிர்ச்சி கிடைக்காது. இயற்கைப் பொருள் என்பதற்காக எல்லாவற்றையும் எல்லா ஊரிலும் மாட்டக்கூடாது. ஊரின் பருவம் பார்த்து எடுக்க வேண்டும்.

மழை விட்டதும் தெருவில் ஒரு சத்தம் வரும், ஞாபகம் இருக்கிறதா? டொய்ங், டொய்ங் என்று வில்நாணைத் தட்டிக்கொண்டு பிஞ்சாரி வருவார். நாலு மாத ஈரத்தில் கல்லாகிப்போன பஞ்சு மெத்தையைப் பிரித்து, நாணில் அடித்து, நுரை மாதிரி பறக்கவிட்டு, மாலைக்குள் புது மெத்தையாகத் தைத்துக் கொடுப்பார். பழைய பஞ்சுதான், வெளியே எறிந்தது ஒரு கூடைத் தூசி. பழைய ஃபோம் மெத்தையைத் தூக்கிக்கொண்டு தம்பி யாரிடம் போவார்? குப்பைக்காரரே காசு கேட்கிறார்.

நடுவர் அவர்களே, மும்பையில் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் ஜூன் 11. தீர்ப்பை அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வருகிற மைத்துனரிடம் இரண்டு பாய் சொல்லிவைக்க வேண்டும். உங்களுக்கும் ஒன்று சேர்த்துச் சொல்லட்டுமா?