நிறம் போனது, உப்பு நின்றது



ஐந்திணை வகுத்த தமிழ் மரபில் உப்பு நெய்தல் நிலத்துப் பொருள். உமணர் வண்டியேற்றிக் கொணர்ந்தால்தான் உள்நாட்டார் அதைக் கண்டனர். அந்த உப்பு, கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள கொங்கு நாட்டுக் கிணறுகளில் ஊறிய வரலாறே இவ்வுரையின் பொருள்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேர்கிறது. 1980களில் பனியன் ஏற்றுமதி பெருகத் தொடங்கியதும், திருப்பூரையும் சுற்றுப்புறச் சிற்றூர்களையும் ஒட்டிச் சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிக்க உப்பு வேண்டும். அடர்ந்த நிறமாயின், சாயத்தொட்டியில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை இடுவர். கடல்நீரிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம்தான். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பு தங்குவதில்லை, அலசும் நீரோடு வெளியேறிவிடும்.

சிறுதொழில் என்னும் பெயரில் ஒரு மயக்கம் உண்டு. ஒவ்வொரு பட்டறையின் கழிவும் சிறிதே. அனைத்தும் சென்று சேர்ந்தது ஒரே ஆற்றில். பாசனத்துக்கென ஒரத்துப்பாளையத்தில் 1992இல் கட்டி முடிக்கப்பட்ட அணையில் சாயக் கழிவுநீர் தேங்கியது. அணை நிரம்ப வேண்டுமென வேண்டுவது உழவர் இயல்பு. இங்கோ, நீரைத் தேக்க வேண்டாம் என உழவரே முறையிட்டனர்.

பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் இரும்புச் சல்பேட்டும் நிறத்தைப் படியச் செய்தன. கரைந்த உப்பை அவை தொடவில்லை. நீர் தெளிந்தது; கிணறுகள் கரித்தன.

உழவர் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்பதை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அது நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அதன்பின், நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் பொது நிலையங்கள் இயங்கத் தொடங்கின. இயலாதது எனப்பட்டது, பெருஞ்செலவில் இயன்றது. மண்ணில் முன்பே இறங்கிய உப்பு மட்டும் எந்த ஆணைக்கும் கட்டுப்படவில்லை.

இவ்வரலாற்றில் ஒரு தரப்பைக் கொடியோர் என எழுதிவிடுவது எளிது. ஆனால், பட்டறை நடத்தியோரிலும் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகளே. மேட்டில் தம்பி பட்டறை வைத்திருக்க, கீழே அண்ணனின் கிணறு கரித்த துயரத்தையும் கவிதை பேச வேண்டும்.

ஆறு சிவந்தது, நீலமானது எனப் பாடுவதற்குக் கண் போதும். நிறம் போனபின் நிற்கும் உப்பைப் பாட அது போதாது. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்கள் ஒருமுறை அந்தக் கிணற்றடிக்குச் சென்று, ஒரு கை நீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்து, அதன்பின் எழுதுவார்களாக.