அம்மிச்சி பாட்டு எந்த டிஸ்க்குல இருக்கு?

(மார்ச் 31, உலகக் காப்புநகல் நாளையொட்டிக் கோவையில் பொதுமக்களிடையே நமது உள்ளடக்க எழுத்தாளர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. இதழியல் படிச்சுட்டு, பட்டா மாறுதலுக்கு எப்படி விண்ணப்பிப்பது, வருமானச் சான்றிதழுக்கு என்னென்ன இணைக்க வேண்டும் என்றெல்லாம் இந்த மின்னிதழில் எழுதுகிற பொண்ணு. ஆனா இன்னைக்குப் பேசற விஷயத்துல எனக்கு ஒரு தகுதி இருக்கு. நான் தொலைச்சிருக்கேன்.

எங்க அம்மிச்சி ஊர் பொள்ளாச்சிப் பக்கம். கும்மிப் பாட்டு, தாலாட்டு, நாத்து நடற பாட்டு எல்லாம் பாடுவாங்க. கல்லூரி ப்ராஜெக்டுக்காக அதை செல்போன்ல பதிவு பண்ண ஆரம்பிச்சேன். ப்ராஜெக்ட் முடிஞ்ச பிறகும் நிறுத்தலை. மொத்தம் 43 பதிவுகள். சில பதிவுல பாட்டைவிட "கண்ணு, போதும் நிறுத்து, மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்"ங்கற சத்தம்தான் அதிகம் இருக்கும். போன்ல இடம் பத்தலைன்னு எல்லாத்தையும் லேப்டாப்புக்கு மாத்திட்டு, போன்ல அழிச்சுட்டேன். நகல் எடுக்கலைங்க, இடம் மாத்தினேன். முந்தின நாளும் ஒரே பிரதிதான், மறுநாளும் ஒரே பிரதிதான். பத்திரமா வெச்சுட்டோம்னு நினைச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

அம்மிச்சி தவறி எட்டு மாசம் கழிச்சு லேப்டாப் ஆன் ஆகலை. நீலத் திரை வரும், அணையும், மறுபடி வரும். ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். "விண்டோஸ் போயிருச்சுங்க. பார்மட் பண்ணிப் புதுசா ஏத்திட்டா நல்லா ஓடும்"னு சொன்னாங்க. "சரிங்கண்ணா"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். உள்ளே இருக்கறது வேணுமான்னு அவங்க கேட்கலை. சொல்லணும்னு எனக்கும் தோணலை. திரும்பி வந்தப்போ லேப்டாப் நல்லாத்தான் ஓடுச்சு. பாட்டு ஃபோல்டர் மட்டும் இல்லை.

பார்மட் பண்ணும்போது உண்மையில் என்ன நடக்கிறது? வருவாய்த் துறை பாஷையில் சொன்னால் உங்களுக்கு உடனே புரியும். பதிவேட்டில் உங்க பேரை எடுத்துட்டா நிலம் காணாமப் போயிடாது. அது அங்கேயேதான் இருக்கும். ஆனா பேர் இல்லாத அந்த நிலத்துல அடுத்தவர் வந்து வீடு கட்டிட்டா? ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். சாதாரண பார்மட்டில் கோப்புகளின் பட்டியல்தான் போகும். கோப்பு அதே இடத்தில் கிடக்கும். அதன் மேலே புதிதாக ஏதாவது எழுதப்படும்போதுதான் உண்மையிலேயே அழியும். எனக்குப் புதுசா விண்டோஸ் ஏத்தினாங்க இல்லையா, அப்பவே கொஞ்சம் நிலத்துல வீடு கட்டியாச்சு.

அதனால கோப்பு போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே அந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவதை நிறுத்திடுங்க. மீட்கிற மென்பொருளைக்கூட அதே டிஸ்க்கில் இறக்காதீங்க. விண்டோஸ் கிளம்பலைங்கறதுக்காக டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லை. பல நேரம் டிஸ்க் நல்லாவே இருக்கும். அதைக் கழற்றி, யூஎஸ்பி உறையில் போட்டு வேற கம்ப்யூட்டரில் சொருகினால் பென்டிரைவ் மாதிரி திறந்து, கோப்புகளை நகல் எடுத்துக்கலாம். புது விண்டோஸ் 11 லேப்டாப்பாக இருந்தால், டிஸ்க் பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். அப்போ 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். வழக்கமாக அது உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கோட பாஸ்வேர்டு நினைவிருக்கான்னு இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு தடவை பாருங்க.

டிஸ்க்கில் இருந்து 'டக் டக்'னு சத்தம் வந்தா கதை வேற. உடனே அணைச்சிடுங்க. திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே தகடு கீறலாம். அதற்கு மென்பொருள் வைத்தியம் கிடையாது. டேட்டா மீட்புக்கென்றே இருக்கிற ஆய்வகம்தான் வழி, அதுக்குச் செலவும் அதிகம். எஸ்எஸ்டி வகை டிஸ்க் என்றால் நான் சொன்ன நிலக் கணக்கே பெரும்பாலும் செல்லாது. அழித்த இடத்தை அது தானாகவே சுத்தமாகக் காலி செய்துவிடும். எனக்கு இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க். அது ஒண்ணுதான் அதிர்ஷ்டம்.

நண்பர் ஒருத்தர் அதைக் கழற்றி, ஃபோட்டோரெக் என்கிற இலவச மென்பொருளை ஓட விட்டார். பேர்தான் ஃபோட்டோ, ஒலிக்கோப்புகளையும் தேடும். கிடைப்பதை வேறொரு டிஸ்க்கில்தான் சேமிக்கணும், அதுல அவர் கறாரா இருந்தார். ராத்திரி முழுக்க ஓடிச்சு. 43-ல் 29 கிடைச்சது. அதில் நாலு பாதியில் நிற்குது. சித்தி பையன் போன்ல வாட்ஸ்அப்ல எப்பவோ அனுப்பின மூணு இருந்துச்சு. மீதி 11 இனி இல்லை.

இப்போ நம்ம ஊர்ல நடந்த இன்னொரு கதையைச் சொல்றேன். 1960-களின் நடுவில் பிரெண்டா பெக் என்கிற மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையம் கிராமத்துக்கு வந்து தங்கினார். கொங்குச் சமூகத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் 1972-ல் வந்தது. அண்ணன்மார் கதை உங்க எல்லோருக்கும் தெரியும், பொன்னர் சங்கர். உடுக்கை அடிச்சு இரவிரவாகப் பாடுகிற அந்தக் கதையை 1965-ல் அவர் டேப்பில் பதிவு செய்தார். அந்த ஒரு டேப்போடு விட்டிருந்தால் இன்னைக்கு நான் இதைச் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன். அது எழுத்தாக மாறியது. 1992-ல் சென்னையில் ஆசியவியல் நிறுவனம் வழியாகத் தமிழும் ஆங்கிலமுமாகப் புத்தகமானது. பிறகு டிஜிட்டலானது. ஒரே பாட்டு, வேற வேற ஊடகம், வேற வேற ஊர். டேப் ரெக்கார்டரே அருங்காட்சியகப் பொருளான பிறகும் பாட்டு இருக்கு.

நிறைய பேர் "எல்லாம் ஆன்லைன்ல இருக்குங்க"ன்னு சொல்றீங்க. மைஸ்பேஸ் என்று ஒரு தளம் இருந்தது. புதுப் பாடகர்கள் தங்கள் பாட்டை ஏற்றி வைக்கிற இடம் அது. 2019 மார்ச்சில், சர்வர் மாற்றும்போது 2015 வரை ஏற்றியதெல்லாம் போய்விட்டது என்று தெரிய வந்தது. சுமார் 5 கோடி பாட்டுகள் என்று அப்போது செய்தி வந்தது. அடுத்த மாதமே அதில் 4,90,000 பாட்டுகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் மீண்டும் கிடைத்தன. எப்படின்னா, ஆய்வுக்காக யாரோ முன்னமே இறக்கி வைத்திருந்தார்கள். 5 கோடியில் 5 லட்சம்கூட இல்லை.

இதற்குத்தான் 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. வீட்டுக்கு வெளியே என்றவுடன் பெரிதாக யோசிக்க வேண்டாம். அக்கா வீட்டு பீரோவில் ஒரு பென்டிரைவ் போதும். செல்போனில் குரல் பதிவு நிமிஷத்துக்குச் சுமார் 1 எம்பிதான் வரும். ஒரு 64 ஜிபி பென்டிரைவில் ஆயிரம் மணி நேரம் கொள்ளும். சினிமாப் பாட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாமுங்க, அது போனா மறுபடி கிடைச்சிடும். உங்க வீட்டுல மட்டும் இருக்கறதை முதல்ல எடுங்க. கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. இன்னைக்குக் கும்மி அரங்கேற்றம் எங்கே நடந்தாலும் நூறு போன் மேலே தூக்கியிருக்கு. அந்த நூறுல எத்தனைக்கு இரண்டாவது பிரதி இருக்கும்?

பழைய கேசட் இருக்கிறவங்களும் கேளுங்க. கல்யாண கேசட்டில் மங்கல வாழ்த்து பாடினது அப்படியே இருக்கும். டேப் ரெக்கார்டர் ஓடுகிற நிலையில் இருந்தால், இயர்போன் துளையில் இருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன் அல்லது மைக் துளைக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருள், அவ்வளவுதான். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் உட்காரணும். அதுக்குக் குறுக்கு வழி இல்லை.

ஸ்மார்ட்போன் மட்டும் வெச்சிருக்கிறவங்க பெரும்பாலும் கேட்கிற கேள்வி, "கூகுள் ஃபோட்டோஸ்ல தானா ஏறிடுமே?" என்பது. அது படமும் வீடியோவும்தான் எடுக்கும், குரல் பதிவை எடுக்காது. குரல் பதிவை நீங்களேதான் கூகுள் டிரைவில் ஏற்றணும். இலவச இடம் 15 ஜிபி. அதை உங்க ஜிமெயிலும் ஃபோட்டோஸும் பங்கு போட்டுக்கும். டிரைவில் அழித்தது குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். இரண்டு வருஷம் தொடாத கணக்கையே கூகுள் நீக்கலாம், அதனால தாத்தா பேருல ஆரம்பிச்ச கணக்கை அப்பப்போ திறங்க. டிஜிலாக்கரில் பாட்டு வைக்கலாமான்னு ஒரு அம்மா போன வாரம் கேட்டாங்க. முடியாதுங்கம்மா. அதில் நாமே ஏற்றுவதற்கு பிடிஎஃப்பும் ஜேபெக், பிஎன்ஜி படங்களும்தான். உங்க சான்றிதழுக்கு அது, பாட்டுக்கு வேற இடம். வாட்ஸ்அப்பில் உறவுக்காரர்களுக்கு அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும்.

காப்பு டிஸ்க்கை எப்பவும் கம்ப்யூட்டரிலேயே சொருகி வைக்காதீங்க. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேர் வந்தால் சொருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும். அப்படி நடந்தால் பணம் கட்டாதீங்க, கட்டினாலும் கோப்பு திரும்பும்னு உறுதி இல்லை. 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்க. நகல் எடுத்ததோடு விடாம, வருஷத்துக்கு ஒரு தடவையாவது பென்டிரைவைச் சொருகி ரெண்டு பாட்டைக் கேட்டுப் பாருங்க. ஆயுத பூஜைக்கு நம்ம ஊர்ல லேத்துல இருந்து லேப்டாப் வரைக்கும் துடைச்சுப் பொட்டு வைக்கறோம். அதுக்கு முந்தின நாளை நான் இதுக்குன்னு ஒதுக்கியிருக்கேன்.

எனக்குக் கிடைச்ச 29-க்கும் பேர் போயிருச்சு. ஃபோட்டோரெக் மீட்டுத் தரும்போது பழைய பெயர் வராது. 'எஃப்' என்ற எழுத்தும் வரிசையாய் எண்களும்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் பெரியம்மாவும் உட்கார்ந்து ஒவ்வொண்ணா கேட்டு, இது எந்தச் சீருக்குப் பாடினது, இது யார் பிறந்தப்போ பாடின தாலாட்டுன்னு சொல்றாங்க, நான் பேர் வெக்கறேன். இதுவரைக்கும் 17 முடிஞ்சிருக்கு. ஒரு பதிவுல பாட்டே இல்லை, அம்மிச்சி யாரையோ சாப்பிடக் கூப்பிடற சத்தம் மட்டும். யாரைன்னு பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் இன்னும் சண்டை.

கேள்வி இருந்தா கேளுங்க. போனைக் கையில எடுத்துக்கிட்டே கேளுங்க, பண்ணிக் காட்டறேன்.