கறுப்பர் முகத்தில் ஏன் கரி?

(சங்கத்தின் ஊமைப்படக் காட்சியை ஒட்டி ஆற்றிய உரை)



சாப்ளினின் 'தி இமிக்ரன்ட்' பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். 1917-இல் வந்த படம். கப்பலின் அடித்தட்டில் அடைபட்டு வந்த ஏழைகள் சுதந்திர தேவி சிலையைக் கண்டு மகிழ்கிற அந்த நேரத்திலேயே கயிற்றைக் கட்டி அவர்களைத் தடுக்கிறார்கள். சார்லி அதிகாரியைப் பின்னாலிருந்து ஓர் உதை விடுகிறார். பிழைப்புத் தேடி ரயிலேறி வந்த நமக்கு அந்தக் கயிறு புதிதல்ல. ஆனால் அந்தக் கப்பலில் இந்தியனைத் தேடாதீர்கள். அதே 1917 பிப்ரவரியில் அமெரிக்கா இயற்றிய சட்டம், இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகள் பலவற்றின் உழைப்பாளிகளுக்குக் கதவைச் சாத்திவிட்டது.

கதவுக்கு உள்ளேயே இருந்த கறுப்பரின் நிலை என்ன? வெள்ளை நடிகன் தக்கையை எரித்த கரியை முகத்தில் அப்பிக்கொண்டு, கறுப்பரை மூடராக, கோழித் திருடராக ஆடிக்காட்டுவான். மேடையில் இருந்த அந்த வழக்கம் அப்படியே படத்துக்குள்ளும் நுழைந்தது. பஸ்டர் கீட்டன் போன்ற மேதைகூட 1927-இல் 'காலேஜ்' படத்தில் கரி பூசினார். வெகுதூரம் போவானேன்? 1968-இல் 'படோசன்' என்ற இந்திப் படத்தில் மெஹ்மூத் 'மாஸ்டர் பிள்ளை'யாக வந்து நம் உச்சரிப்பைப் படுத்திய பாட்டுக்கு நாமும் காசு கொடுத்துத்தானே சிரித்தோம்! மெஹ்மூத் நல்ல நடிகர், அது வேறு விஷயம்.

பெர்ட் வில்லியம்ஸ் 1874-இல் பஹாமாஸில் பிறந்த கறுப்பர். 1910 முதல் நியூயார்க்கில் சீக்ஃபெல்டின் புகழ்பெற்ற மேடையில் வெள்ளையரோடு நடித்தவர். கறுப்பரான அவரே கரி பூசித்தான் நடிக்கவேண்டியிருந்தது. 1913-இல் அவரைக் கதாநாயகனாக வைத்து, கறுப்பு நடிகர்கள் பலரைச் சேர்த்து ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார்கள். அவர் ஒருவருக்கு மட்டும் கரி. மற்றவர்களெல்லாம் சொந்த முகத்தோடு, நல்ல உடையில், ஆடிப்பாடுகிறார்கள். காதலியை அவர் முத்தமிடும் காட்சியும் உண்டு. இரண்டு கறுப்பர் மனிதரைப் போலக் காதலிப்பதைக் காட்டிய படம் வெளிவரவே இல்லை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கிடந்த சுருள்களைச் சேர்த்து 2014-இல்தான் திரையிட்டார்கள். நூறு ஆண்டு, தோழர்களே!

முதலாளி செய்ததை விடுங்கள், அவன் லாபக் கணக்குப் பார்ப்பவன். தொழிற்சங்கம் செய்ததைக் கேளுங்கள். 1919-இல் நியூயார்க் நடிகர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நியாயமான போராட்டம், ஜெயித்தார்கள். ஆனால் வில்லியம்ஸிடம் ஒருவரும் தகவல் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல் வந்து, வேடம் போட்டு, மேடைக்கு வந்து பார்த்தால் அரங்கமே காலி என்று அவர் வரலாற்றை எழுதியோர் பதிந்திருக்கிறார்கள். கறுப்பர் என்பதால் சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மூன்றாண்டு கழித்து, 47 வயதில் இறந்துபோனார்.

நம் வட்டாரத்தில் ஸ்டேஷன் பெருக்குகிற ஒப்பந்தத் தொழிலாளர் பலர் நம் ஊர்க்காரர்கள். கடந்த முறை நாம் வாயிற்கூட்டம் நடத்தியபோது அவர்களுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? வரும் கிளைக் கூட்டத்தில் அவர்களையும் உறுப்பினராக்கும் தீர்மானம் வருகிறது. நான் முன்மொழிகிறேன். எதிர்க்க நினைப்பவர்கள் வெளியே நின்று முணுமுணுக்காமல், உள்ளே வந்து காரணத்தைச் சொல்லுங்கள்.