இரு தாங்கி, ஓர் எஞ்சின்



தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தும் நடுவழியில் நின்றுவிடும் லொறியைப் பற்றி இன்று பேச எண்ணுகின்றேன்.

அமெரிக்காவில் 1970களிலும் 1980களிலும் செய்யப்பட்ட போர்ட், செவர்லே பிக்-அப் லொறிகள் பலவற்றுக்கு இரண்டு எரிபொருள் தாங்கிகள் இருந்தன. ஊருக்கும் ஊருக்கும் நெடுந்தூரமான அந்நாட்டில், ஒரு தாங்கி வற்றியதும் சாரதி ஓர் ஆளியைத் தட்டி மற்றதற்கு மாறுவார். 1997ஆம் ஆண்டுக்கெனப் புதிதாக வடிவமைக்கப்பட்ட போர்ட் எப்-150 லொறியில் இவ்வேற்பாடு கைவிடப்பட்டது. எனினும், பழைய லொறிகளைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர். ஆளியைத் தட்டியதும் எஞ்சின் இருமி அடங்கிவிட்டால், அவர்களிற் பலர் கைக்கு அகப்பட்ட உறுப்பையெல்லாம் மாற்றுகின்றனர். பணம் போகின்றது, பழுது போவதில்லை.

முதலில் அமைப்பை அறிவோம். ஆளியைத் தட்டும்போது இரண்டு மாற்றங்கள் நிகழவேண்டும். லொறியின் அடிச்சட்டத்திலுள்ள மாற்று வால்வு திரும்புவது ஒன்று. எரிபொருள் மானி மற்றத் தாங்கியின் மிதவையோடு இணைவது மற்றொன்று. மானியின் முள் நகர்ந்தமையால் மட்டும் எரிபொருளும் மாறிவிட்டதென்று நம்பிவிடலாகாது.

இனிச் சோதனை. இரு தாங்கிகளிலும் லொறியை மாறி மாறி ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே கோளாறு தோன்றினால், பழுது பெரும்பாலும் பொதுவான பகுதியில் உள்ளது: எஞ்சினை அடுத்த வடிகட்டி, பம்பி, காபரேற்றர் ஆகியவற்றைப் பாருங்கள். தாங்கிகளைக் கழற்ற அவசரம் வேண்டாம். ஒரு தாங்கியில் மட்டும் கோளாறாயின், அத்தாங்கியின் பழைய பெற்றோல், துரு, அடைபட்ட உறிஞ்சுகுழாய் ஆகியவற்றையும், திரும்ப மறுக்கும் வால்வையும் ஐயுறலாம்.

வால்வைச் சோதிப்பது எளிது. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். ஒருவர் ஆளியைத் தட்ட, மற்றவர் வால்வின் அருகே செவிகொடுக்கட்டும். ஓசை இல்லையாயின், உருகி, ஆளி, மின்கம்பி, புவித்தொடுப்பு என்று வரிசையாகப் பாருங்கள். ஓசை கேட்டும் எரிபொருள் மாறவில்லையாயின், வால்வின் உட்பகுதி சிக்கியிருக்கலாம். 1990களின் போர்ட் லொறிகளிலோ ஒவ்வொரு தாங்கிக்குள்ளும் தனி மின்பம்பி உண்டு. அவற்றில், சாவியைத் திருப்பியதும் தெரிந்தெடுத்த தாங்கியின் பம்பி சில விநாடிகள் முரலுகின்றதா என்று கேட்கவேண்டும்.

மிக ஆபத்தான கோளாறு வேறொன்று. எஞ்சினுக்குத் தேவைப்படாத எரிபொருள் திரும்பு குழாய் வழியே புறப்பட்ட தாங்கிக்கே மீளவேண்டும். வால்வு பழுதானால் அது மற்றத் தாங்கிக்குப் போய்விடும். ஓடும் தாங்கி விரைவில் வற்றும். ஓடாத தாங்கியோ தானே நிறைந்து, மூடி வழியே வழியும். சூடான புகைபோக்கிக் குழாயின் அருகே பெற்றோல் சிந்தினால் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. பயன்படுத்தாத தாங்கியின் அளவு ஏறக் கண்டால், திருத்தும்வரை லொறியை ஓட்டாதீர்கள்.

எரிபொருட் குழாய்களைக் கழற்றுமுன் எஞ்சின் குளிரவேண்டும். பற்றரியின் எதிர்முனைக் கம்பியை அகற்றுங்கள். காற்றோட்டமான இடத்தில், நெருப்பின் வாடையே இல்லாதவாறு வேலை செய்யுங்கள். பெற்றோலை உட்செலுத்தும் வகை எஞ்சினாயின், குழாயில் எஞ்சிய அழுத்தத்தையும் முதலில் தணிக்கவேண்டும்.

இறுதியாக ஒன்று. இரண்டாவது தாங்கியை ஆபத்துக்கு உதவுமென்று மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருப்போர் பலர். அதனுள் பெற்றோல் கெடுகின்றது, துருவும் படிகின்றது, அசையாத வால்வு இறுகிவிடுகின்றது. உதவி வேண்டிய நாளிலேதான் அது கைவிடுகின்றது. ஆகவே, இரு தாங்கிகளையும் முறைவைத்துப் பயன்படுத்துங்கள். சோதித்துப் பாராத சேமிப்பை வழித்துணையாக நம்பிப் புறப்படலாகாது.