இடப்பக்கம் முடிந்த பிறகு வலப்பக்கம்
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அவர் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்றுத்தந்தவர். கனமான இறையியல் கட்டுரை ஒன்றை வாசித்துவிட்டு நான் இறங்கிப் போனால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர், வீட்டில் விவிலியம் வைத்திருப்பவர், ஆனால் எங்கே தொடங்குவது, எப்படிப் படிப்பது என்று திகைப்பவர் நம் பங்குகளில் எத்தனையோ பேர். அவர்களுக்காக, நான் கடைப்பிடித்துவரும் வழியைச் சொல்கிறேன். ஒரு விவிலியம், ஒரு பங்கு நாள்காட்டி, ஒரு நோட்டு. இவ்வளவுதான் முதலீடு.

முதலில் ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். புத்தாண்டு இரவுத் திருப்பலி முடிந்ததும் தட்டில் அடுக்கி நீட்டுகிறார்களே, வாக்குத்தத்த அட்டை, அதைச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கிறோம். நல்ல வசனம் வந்தால் பீரோ கதவில் ஒட்டுகிறோம். கண்டிப்பான வசனம் எதையும் அந்த அட்டைகளில் யாரும் அச்சிடுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வசனம் பொய்யில்லை. ஆனால் யார், யாருக்கு, எந்த நெருக்கடியில் சொன்னது என்பதை வெட்டி எறிந்துவிட்டு ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்வது, வீட்டுக்கு வந்த கடிதத்தில் நடுவரியைக் கிழித்தெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது போலத்தான்.

இந்த வெட்டும் கலையில் கைதேர்ந்தவன் யார் என்று மத்தேயு 4-ஆம் அதிகாரம் சொல்கிறது. கோவிலின் உயர்ந்த பகுதியில் இயேசுவை நிறுத்திவிட்டு அலகை 91-ஆம் திருப்பாடலிலிருந்து எடுத்துச் சொல்கிறது, வானதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று. அது விவிலிய வரிதான். அடுத்த வசனத்தில் சிங்கமும் பாம்பும் மிதிபடுகின்றன. அலகை அதற்கு முன்பே நிறுத்திக்கொள்கிறது. இயேசுவின் மூன்று பதில்களும் இணைச்சட்ட நூலின் 6, 8 அதிகாரங்களிலிருந்து வருகின்றன. பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் சோதிக்கப்பட்ட கதையை நினைவூட்டும் பகுதி அது. பாலைநிலத்தில் நின்றுகொண்டு பாலைநிலத்தைப் பற்றிய பகுதியைச் சொல்கிறார். இடம், சூழல், முன்பின் எல்லாம் தெரிந்தவரின் பதில் அது.

‘புனித அகுஸ்தினார் புத்தகத்தைத் திறந்த இடத்தில்தானே மனம் மாறினார்?’ என்று கேட்பீர்கள். மிலான் தோட்டத்தில் அவர் திறந்தது உரோமையருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 13-ஆம் அதிகாரம். உண்மைதான். ஆனால் அந்தப் புத்தகம் அங்கே கிடந்ததற்குக் காரணம், அவர் ஏற்கெனவே பவுலைப் படித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு என்ன படிக்கலாம் என்று ஆயர் அம்புரோசிடம் கேட்டார். எசாயாவைப் படி என்றார் அவர். தொடக்கமே புரியவில்லை, பழகிய பின் பார்க்கலாம் என்று அகுஸ்தினார் மூடிவைத்துவிட்டார். அதை மறைக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய மேதைக்கே எசாயா முதல் முறையில் பிடிபடவில்லை என்பது நமக்கெல்லாம் பெரிய ஆறுதல்.

எங்கே தொடங்குவது? தொடக்கநூலில் ஆரம்பித்து ஒரே மூச்சில் போனவர்கள் பலர் லேவியர் நூலில் நின்றுபோகிறார்கள். பலிகளின் சட்டங்களும் தோல்நோய்ச் சட்டங்களும் ஆளைச் சோர்த்துவிடும். என் பரிந்துரை, வரும் ஞாயிற்றின் நற்செய்திப் பகுதி. 1969-இல் வந்த வாசக அமைப்பின்படி ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்று. முதலாம் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா; யோவான் தவக்காலத்திலும் பாஸ்காக் காலத்திலும் அதிகம் வருவார். எந்த ஆண்டு என்று குழம்ப வேண்டாம். ஆண்டு எண் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் அது லூக்காவின் ஆண்டு. ஆனால் கணக்கு முந்தைய திருவருகைக் காலத்திலேயே தொடங்கிவிடும். இப்படிப் படித்தால், உலகம் முழுவதும் திருச்சபை அந்த வாரம் கையில் வைத்திருக்கும் பக்கத்தையே நீங்களும் வைத்திருக்கிறீர்கள். கத்தோலிக்கருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இனி நோட்டு. விரித்தால் இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் பகுதி என்ன சொல்கிறது என்பது மட்டும். வலப்பக்கத்தில் அது எனக்கு என்ன சொல்கிறது, நான் கடவுளிடம் என்ன சொல்கிறேன் என்பது. இதில் விதி ஒன்றே ஒன்று. இடப்பக்கம் நிரம்பும்வரை வலப்பக்கத்தில் பேனா படக்கூடாது. நம் ஆர்வமெல்லாம் வலப்பக்கத்தில்தான். ‘இந்த வசனம் என்னோடு பேசியது’ என்று சொல்ல ஆசை. அது யாரோடு, எதற்காக முதலில் பேசியது என்று கேட்கும் பொறுமை வர வேண்டும்.

செய்துகாட்டுகிறேன். மாற்கு 10:46 முதல் 52 வரை, பார்வையற்ற பர்த்திமேயு. இரண்டாம் ஆண்டில் பொதுக்காலம் 30-ஆம் ஞாயிறு நற்செய்தி. 2024-இல் அக்டோபர் 27 அன்று கேட்டோம்.

வாய்விட்டு மூன்று முறை வாசியுங்கள். இடம் எரிகோ. ஆட்கள்: இயேசு, சீடர்கள், திரளான கூட்டம், வழியோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பிச்சைக்காரர். மாற்கு நற்செய்தியில் குணம் பெற்றவர்களில் பெயர் சொல்லப்படுபவர் இவர் ஒருவரே. எனக்கு இரங்கும் என்று அவர் கூப்பிடுகிறார், கூட்டம் அதட்டுகிறது, இன்னும் உரக்கக் கூப்பிடுகிறார். இயேசு நிற்கிறார். இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். இயேசு அவரை நேரடியாக அழைக்கவில்லை. கூப்பிடுங்கள் என்று கூட்டத்திடம் சொல்கிறார். வாயை மூடு என்று அதட்டிய கூட்டமே இப்போது தைரியம் சொல்லி எழுப்புகிறது. குணமானவர் ஒருவர் மட்டும் இல்லை என்று இடப்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து, முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பத்து வசனங்களுக்கு முன் யாக்கோபும் யோவானும் வருகிறார்கள். நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவர்களிடம் கேட்கிறார். அவர்கள் வலப்புறமும் இடப்புறமும் நாற்காலி கேட்டார்கள். அதே கேள்வியைப் பர்த்திமேயுவிடமும் கேட்கிறார். அவர் கேட்டது பார்வை. இன்னும் மேலே போனால் செல்வர் ஒருவர் இயேசு சொன்னதைக் கேட்டு முகவாட்டத்தோடு போகிறார், சொத்து ஏராளம் என்பதால். பர்த்திமேயுவோ தன்னிடமிருந்த மேலுடையை எறிந்துவிட்டுக் குதித்தெழுகிறார். செல்வர், செபதேயுவின் மக்கள், பர்த்திமேயு என்ற இந்த மூன்றும் 28, 29, 30-ஆம் ஞாயிறுகளில் அடுத்தடுத்து வாசிக்கப்படுகின்றன. மூன்று வாரமும் கோவிலில் இருந்திருப்போம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

பின்னால் என்ன? 11-ஆம் அதிகாரம் எருசலேம் நுழைவு. எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே, எருசலேம் மலைமேல். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம், ஏறினால் சிலுவை. பார்வை கிடைத்ததும் வீட்டுக்குப் போகாமல் அந்த ஏற்றத்தில் பின்தொடர்ந்தார் என்றுதான் பகுதி முடிகிறது.

அதிகார எல்லையில் நின்றுவிடக் கூடாது என்பதற்குச் சிறுமலர் தெரேசாள் சாட்சி. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது, எழுதியவர்கள் போட்டதில்லை. தன் அழைத்தல் என்ன என்று தேடிய தெரேசாள் 1 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரத்தைப் படித்தார். எல்லாரும் திருத்தூதர் ஆக முடியாது என்று அங்கே இருந்தது, மனம் நிறையவில்லை. மனந்தளராமல் 13-ஆம் அதிகாரத்துக்குப் போனார். அன்பே தன் அழைத்தல் என்று அங்கே கண்டுகொண்டார். முழு விவிலியம்கூட அவர் கையில் இருந்ததில்லை. அக்கா செலின் பழைய ஏற்பாட்டிலிருந்து எழுதிவைத்த பகுதிகளைத்தான் வைத்திருந்தார். அவரைத் திருச்சபை 1997-இல் மறைவல்லுநர் என்று அறிவித்தது.

இடப்பக்கத்தின் கடைசி வேலை, திருச்சபை இப்பகுதியை எப்படி வாசித்தது என்று பார்ப்பது. திருவிவிலியத்தின் அடிக்குறிப்பு முதல் துணை. 1992-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் பின்னால் விவிலிய வசன அட்டவணை உண்டு. பலர் அதைத் திறப்பதே இல்லை. அந்நூலின் 2616-ஆம் எண்ணுக்குப் போனால், வழியோரப் பார்வையற்றவரின் அந்தக் கூக்குரல்தான் கீழைத் திருச்சபையினர் மூச்சோடு மூச்சாகச் சொல்லும் இயேசு மன்றாட்டில் வாழ்கிறது என்று தெரியும். நம் திருப்பலியில் மன்னிப்பு வழிபாட்டில் இரக்கம் கேட்கிறோமே, அதுவும் இந்தக் குரலுக்குச் சொந்தம்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு ஏட்டின் 12-ஆம் எண் இதைத்தான் கேட்கிறது: எழுதியவர் என்ன சொல்ல நினைத்தார் என்று தேடு, முழு விவிலியத்தின் ஒருமையையும் திருச்சபையின் வாழும் மரபையும் நம்பிக்கை உண்மைகளின் இயைபையும் விட்டுவிடாதே.

இப்போது வலப்பக்கம். இதற்கு நான் விதி சொல்லப் போவதில்லை. வாசிப்பு, சிந்தனை, மன்றாட்டு, ஆழ்நிலை தியானம் என்று நான்கு படிகளை 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கர்த்தூசிய மடத்தலைவர் வகுத்தார். 2010-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அதோடு செயலையும் சேர்த்துச் சொன்னார். குய்கோவுக்கு மடத்தின் அமைதி இருந்தது. நமக்குப் பால்காரர் மணி அடிப்பார். ஆகவே, யாரை அதட்டி அடக்கினேன், எந்த நாற்காலி கேட்டேன், எந்த மேலுடையை விட மாட்டேன் என்கிறேன் என்று இரண்டு மூன்று வரி எழுதி, கீழே செய்யப்போவது ஒன்றையும் எழுதினால் போதும். இடப்பக்கம் ஒழுங்காக இருந்தால் இந்தக் கேள்விகள் தாமாகவே வரும்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. உங்கள் வீட்டு விவிலியத்தில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள்; நம் விவிலியத்தில் 73 நூல்கள். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பு இருந்தால் கவலையில்லை. இரண்டாவது, யூடியூப் போதகர்கள். கேட்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் இடப்பக்கத்தை எழுதி முடித்துவிட்டுக் கேளுங்கள். யார் வெட்டுகிறார், யார் முழுதாகத் தருகிறார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

புனித தேவசகாயத்தை நம்பிக்கைக்கு அழைத்துவந்தது எது? பயிரும் மாடும் போய் அவர் நொந்திருந்த வேளையில், திருவிதாங்கூர்ப் படைத்தலைவராக இருந்த தெ லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. ஒரு வசனத்தை எழுதிக் கையில் கொடுக்கவில்லை. இழந்தவர், வாதாடியவர், கடவுளைக் கேள்வி கேட்டவர் ஒருவரின் முழுக் கதையையும் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் பங்கு நாள்காட்டியில் வரும் ஞாயிற்று நற்செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக்குள் இடப்பக்கத்தை முடியுங்கள். அன்பியக் கூட்டத்தில் நோட்டைத் திறந்து படியுங்கள். பக்கத்து வீட்டு அக்கா நீங்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்திருப்பார். மறையுரையில் கேட்டது உங்கள் நோட்டில் இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டில் இருப்பது மறையுரையில் வராவிட்டால், பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் போய்க் கேளுங்கள். எந்தப் பங்குத்தந்தையும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.