அம்மா அடுப்படியை நான் ‘ரீஃபேக்டர்’ பண்ண கதை

இன்னைக்கு கோட் பத்தி இல்ல, எங்க வீட்டு அடுப்படி பத்தி.

இந்த வருஷ ஆரம்பத்துல அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சிருச்சு. 6 வாரம் மாவுக்கட்டு. சமையல் நானும் அப்பாவும்தான். முதல் நாள் ரசம் வைக்கவே அம்மாவை இருபது தடவை கூப்பிட்டிருப்போம்.

“அம்மா, சீரகம் எங்க?”

“ஹார்லிக்ஸ் பாட்டில்லடா.”

“துவரம்பருப்பு?”

“அக்கா கல்யாணத்துக்கு வந்த தூக்குல.”

டாக்குமெண்டேஷனே இல்லாத லெகசி சிஸ்டம்! நான் சும்மா இருப்பேனா? ஒரே வீக்எண்ட்ல 24 கண்ணாடி டப்பா, லேபிள், எல்லாமே அகர வரிசை. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேற.

கட்டு பிரிச்சதும் அம்மா சமைக்க வந்தாங்க. எண்ணெய் காஞ்சு கடுகு வெடிக்குது. கடுகு மேல் தட்டுல, வெந்தயம் கடைசித் தட்டுல. தேடி எடுக்கறதுக்குள்ள கடுகு கருகிருச்சு. அம்மா திட்டல. அடுப்பை அணைச்சிட்டு, “நீயே பண்ணிடு கண்ணா, இது என் அடுப்படி மாதிரியே இல்ல”ன்னாங்க. 30 வருஷம் சமைச்ச இடத்துல விருந்தாளி மாதிரி நின்னாங்க. அது என்னை ரொம்ப உறுத்துச்சு.

மறுநாள் உட்கார்ந்து கேட்டேன், எது எங்க இருந்துச்சு, ஏன்னு. பதில் எல்லாமே லாஜிக். தாளிப்புக்குச் சில நொடிதான் டைம். அதனால ஒண்ணா போடற பொருள் ஒண்ணா இருக்கணும். அஞ்சறைப்பெட்டிங்கறது நம்ம பாஷையில கேஷ்! மொத்தச் சரக்கு கீழே பெரிய டின்ல, தினசரிக்குக் கொஞ்சம் மேலே. பெரிய டின்னை அடிக்கடி திறந்தா ஈரம் ஏறும். உப்பும் புளியும் உலோகத்தை அரிக்கும், அதனால பீங்கான் ஜாடி. நான் ஜன்னலோரம் வெச்ச கண்ணாடி டப்பாவுல மிளகாய்த்தூள் வெளிச்சம் பட்டு நிறம் மங்கிடுச்சு.

அப்போ நான் செஞ்சது எல்லாமே வேஸ்ட்டா? இல்ல. ஒழுங்குபடுத்தும்போது பிரிச்ச சோம்பு பாக்கெட் மட்டும் 3 கிடைச்சுது, வண்டு வெச்ச ரவை ஒண்ணு. புதுசை முன்னாடி வெச்சா பழசு உள்ளேயே கிடக்கும். இப்போ பழசு முன்னாடி, புதுசு பின்னாடி. வாங்கின தேதி டேப்ல. ரவையை வறுத்து ஆறவெச்சுதான் டப்பாவுல போடறோம். ஃபிரிட்ஜ் கதவுல இருந்த பால் உள் தட்டுக்குப் போயிடுச்சு, ஏன்னா கதவு திறக்கும்போதெல்லாம் அங்கதான் சூடு ஏறும். மிஞ்சின சாதம் 2 மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுக்குள்ள, கண்ணுக்கு நேரான தட்டுல. உருளையும் வெங்காயமும் தனித்தனி கூடை.

இடம் அம்மா சொன்னபடி, லேபிள் என்னோடது. அந்த லேபிள் அம்மாவுக்குத் தேவையே இல்ல. எங்க ரெண்டு பேருக்குத்தான். கை உடைஞ்சு படுத்திருந்தவங்களை இருபது தடவை எழுப்பினோமே, அதுதான் சிஸ்டத்தோட உண்மையான பக். அந்த வீட்ல சமையல் தெரிஞ்சது ஒரே ஆளுக்கு மட்டும். இப்போ ஞாயித்துக்கிழமை ரசம் அப்பாவோடது. யாரையும் கூப்பிடறதில்ல.

இந்த வாரம் உங்க வீட்ல, யாரையும் கேட்காம பெருங்காயத்தை எடுத்துப் பாருங்க. முடியலைன்னா உடனே டப்பா ஆர்டர் பண்ணாதீங்க. முதல்ல அங்க சமைக்கிறவங்ககிட்ட கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!