ஆடலைக் காணும் கண்

(சங்க ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் சொற்பொழிவாற்றுவதே வழக்கம். இம்முறை செயலாளர் அவர்கள் எங்கள் இல்லத்துக்கு வந்து, "நடனத்தைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும்" என்று பணித்தபோது உள்ளபடியே திகைத்தோம். எங்கள் வீட்டில் சலங்கை கட்டியவர் ஒருவருமில்லை. நாங்கள் ஆடுகிறவர்கள் அல்லர், பார்க்கிறவர்கள். அதிலும், நம்மவர் பலர் வியப்புறும்படி, மேலைநாட்டுப் பாலே நடனத்தை விடாமல் பார்த்து வருகிறவர்கள். பிழைப்பை நாடித் தலைநகர் தில்லிக்கு வந்த நாள்முதல், அயல்நாட்டுக் குழு ஏதேனும் வந்தால் கடைசி வரிசை டிக்கெட்டாவது வாங்கிவிடுவோம். வராத காலங்களில் தொலைக்காட்சியிலும் திரைப்படத்திலும் பார்ப்போம். சமைக்கத் தெரியாதவனுக்கும் உப்பின் அளவு தெரியும் அன்றோ? அந்த உரிமை ஒன்றைக் கொண்டே உங்கள்முன் நிற்கிறோம்.

பாலே நமக்கு முற்றிலும் அந்நியமான கலையன்று. ருஷ்ய நடன அரசி அன்னா பாவ்லோவா 1920களில் இருமுறை இந்தியா வந்தார். 1928-29 பயணத்தின்போது அவரைச் சந்தித்த ருக்மிணி தேவி பாலே பயிலத் தொடங்கினார். தம் நாட்டுக் கலையையே தேடிச் செல்லுமாறு அவருக்கு அறிவுரை கூறியவர் பாவ்லோவா. 1936-இல் கலாக்ஷேத்திரம் பிறந்த வரலாற்றில் அந்த ருஷ்ய மாதுக்கும் ஒரு பங்குண்டு. நம் பரதம் அரைமண்டியில் அமர்ந்து மண்ணோடு உறவாடும். பாலே நுனிக்காலில் எழும்பி விண்ணை எட்டப் பார்க்கும். திசை வேறு, உழைப்பு ஒன்றே.

இத்தனை காலம் பார்த்ததில் இரண்டு செய்திகள் எங்கள் நெஞ்சில் நிலைத்துள்ளன. ஒன்று, எந்தப் பாத்திரத்தை யாருக்குக் கொடுப்பது என்பது. மற்றொன்று, நடனத்தைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பது. இரண்டும் அயல்நாட்டுப் பேச்சாகத் தோன்றலாம். இறுதியில் அவை நம் காலனி வாசலிலேயே வந்து நிற்பதைக் காண்பீர்கள்.

பாத்திரத் தேர்வை முதலில் எடுத்துக்கொள்வோம்.

1965 பிப்ரவரி 9-ஆம் நாள் லண்டன் காவன்ட் கார்டன் அரங்கில் 'ரோமியோ ஜூலியட்' பாலே புதிதாக அரங்கேறிற்று. அமைத்தவர் கென்னத் மாக்மில்லன். ஜூலியட்டாக மார்காட் ஃபான்டெய்னும், ரோமியோவாக ருடால்ஃப் நூரியெவும் ஆடினர். ஆட்டம் முடிந்தபின் கரவொலி நாற்பது நிமிடம் ஓயவில்லை என்றும், திரையை 43 முறை விலக்க நேர்ந்தது என்றும் சொல்வார்கள். உலகம் அந்த இரவைப் போற்றுகிறது. போற்றத்தக்கதே.

ஆனால் அந்த ஜூலியட் ஃபான்டெய்னுக்காக அமைக்கப்பட்டவள் அல்லள். மாக்மில்லன் அந்தப் பாத்திரத்தை லின் சீமோர் என்னும் இளம் நடனமணியைக் கொண்டே படைத்தார். ரோமியோவைக் கிறிஸ்டஃபர் கேபிளைக் கொண்டு படைத்தார். பாலே அமைப்பது ஏட்டில் எழுதி வைக்கும் வேலையன்று. ஆசிரியர் ஓர் அடியைச் சொல்வார்; ஆடுபவர் ஆடிக் காட்டுவார்; அந்த உடல் எங்கே வளைகிறது, எங்கே தயங்குகிறது என்று பார்த்து ஆசிரியர் மாற்றுவார். பல வாரங்கள் இவ்வாறு நடந்தபின் எஞ்சுவதே நடனம். ஒருவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது அது. அதை முதல் இரவில் வேறொருவர் அணிந்து வருமாறு நிர்வாகம் தீர்மானித்தது. காரணம் புகழ், அமெரிக்கப் பயணத்துக்குப் புகழ்பெற்ற பெயர்கள் வேண்டியிருந்தன. சீமோரும் கேபிளும் பிந்தைய நாட்களில் ஆடினர். மறுஆண்டே மாக்மில்லன் பெர்லினுக்குப் புறப்பட்டார். சீமோரும் உடன் சென்றார். 1967-இல் கேபிள் பாலேயை விட்டு நடிப்புத் துறைக்குப் போய்விட்டார்.

ஃபான்டெய்ன் அவர்களுக்கு அப்போது 45 வயது. அதைக் குறையாகச் சொல்வாரும் உளர். நாங்கள் அக்கட்சியினர் அல்லோம். 1956-இல் கலீனா உலானோவா அதே லண்டனில் ஜூலியட்டாக ஆடியபோது அவருக்கு வயது 46. பார்த்தவர்கள் பதினான்கு வயதுப் பெண்ணையே கண்டதாகக் கண்ணீர் மல்கப் பேசினர். ஆனால் 1940-இல் லெனின்கிராடில் லாவ்ரோவ்ஸ்கி அமைத்த அந்த ஜூலியட் தொடக்கம் முதலே உலானோவாவுக்கு உரியவள். ஆகவே கேள்வி வயதைப் பற்றியதன்று; உரிமையைப் பற்றியது.

திறமையைப் பற்றியும் ஒரு சொல். 'ஸ்வான் லேக்' என்னும் அன்னப்பறவை ஏரி நாடகத்தில், வெள்ளை அன்னமாகிய ஒடெட்டையும் அவளைப்போல் வேடமிட்டு வஞ்சிக்கும் ஒடிலையும் பெரும்பாலும் ஒருவரே ஆடுவர். 1895-இல் பீட்டர்ஸ்பர்க்கில் பெத்திப்பாவும் இவானோவும் அதைப் புதுக்கி அமைத்தபோது, பியெரினா லெக்னானி என்னும் இத்தாலிய மாது ஒடிலாக ஒற்றைக் காலில் 32 முறை சுழன்றார். அன்று தொடங்கி இன்றுவரை ரசிகர்கள் விரல்விட்டு எண்ணுகிறார்கள். நாங்களும் இளமையில் எண்ணினோம். பின்னரே தெரிந்தது, எண்ணுகிறபோது பார்க்க முடிவதில்லை என்று. மாயா பிளிசெட்ஸ்காயா அந்தச் சுழற்சிகளுக்குப் பதிலாக அரங்கை வட்டமிட்டுச் சுழன்று வருவார். அவருடைய கைகள் அன்னத்தின் சிறகுகளாகவே மாறியதைக் கண்டவர் எவரும், 32 எங்கே என்று கணக்குக் கேட்கமாட்டார். பாத்திரத்துக்கு ஆளைத் தேடும்போது வித்தையை மட்டும் எண்ணுவதும் தவறு, பெயரை மட்டும் எண்ணுவதும் தவறு.

இனித் திரையைப் பற்றிக் காண்போம்.

தொலைக்காட்சியைப் பழிப்பது நன்றிகெட்ட செயல். நாம் பாரிசுக்கும் மாஸ்கோவுக்கும் போகக்கூடியவர்களா? 1955-இல் எடுத்த 'ரோமியோ ஜூலியட்' திரைப்படம் இல்லையேல் உலானோவாவை நாங்கள் கண்டிருக்க மாட்டோம். பாவ்லோவா ஆடிய சில நிமிடத் துண்டுப் படங்கள் இன்றும் உண்டு. ஒலியற்று மங்கிய அந்தப் படங்களில்கூட அவர் கை அசைவது தெரிகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இத்தகைய படங்களுக்கு விசித்திரமான ஒரு பயனும் இருந்ததுண்டு. 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, சோவியத் தொலைக்காட்சி மக்களுக்குச் செய்தி சொல்லாமல் அன்னப்பறவை ஏரியைத் திரும்பத் திரும்பக் காட்டிற்று. அது முதல் அந்நாட்டில் அன்னங்கள் திரையில் தோன்றினாலே நாட்டில் ஏதோ நேர்ந்துவிட்டது என்று பொருள். 2022 மார்ச்சில் ஒளிபரப்பை நிறுத்த நேர்ந்த தனியார் நிலையம் ஒன்று கடைசியாக அந்த அன்னங்களையே காட்டிவிட்டு விடைபெற்றது.

ஆனால் படம் பிடிப்பவர்கள் செய்யும் பிழை ஒன்றுண்டு. இரண்டாம் அங்கத்தில் நான்கு சிறிய அன்னங்கள் குறுக்காகக் கைகோத்துக்கொண்டு ஆடுவர். கால்கள் ஓடிக்கொண்டிருக்கும்; நால்வர் தலையும் ஒரே கணத்தில் திரும்பும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே அதன் அழகு. கேமரா கால்களை நெருங்கினால் தலை போய்விடுகிறது. முகத்தை நெருங்கினால் கால் போய்விடுகிறது. அன்னக் கூட்டம் வரிசை வகுத்து நிற்கும் கோலமோ, நாயகியின் கண்ணீரைக் காட்டும் ஆசையில் திரையைவிட்டே மறைந்துவிடுகிறது. அரங்கில் அமர்ந்தவன் தன் கண் விரும்பிய இடத்தைப் பார்க்கிறான். வீட்டில் அமர்ந்தவன் பிறர் கண்ணால் பார்க்கிறான்.

இதை அறிந்தோர் அன்றும் இருந்தனர். அமெரிக்கத் திரைப்பட நடனக் கலைஞர் ஃபிரெட் அஸ்டேர், தம் உடல் தலை முதல் கால் வரை தெரியும்படியே படம் எடுக்க வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தார். நியூயார்க் நகர பாலேயின் ஜார்ஜ் பாலன்சின் 1977-இல் நாஷ்வில் நகரத்துப் படப்பிடிப்புக் கூடத்தில் தம் நடனங்களைத் தொலைக்காட்சிக்கென எடுத்தபோது, கேமராவுக்கு ஏற்றவாறு அடிகளையும் வரிசைகளையும் தாமே மாற்றிக்கொண்டார். கேமராவை அஞ்சவும் வேண்டாம், அதன் விருப்பத்துக்கு விட்டுவிடவும் வேண்டாம் என்பதே அவர்கள் கற்பித்த பாடம்.

அன்பர்களே, இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் விழாவில் காலனிக் குழந்தைகள் வள்ளி திருமணம் நாட்டிய நாடகம் ஆடியது பலருக்கு நினைவிருக்கும். மூன்று மாதம் ஒரு பெண் வள்ளியாக ஒத்திகை செய்தாள். ஆசிரியை பல அடிகளை அவள் ஆடுவதைப் பார்த்தே அமைத்தார். விழாவுக்குப் பத்து நாள் முன்பு, அரங்கேற்றம் முடித்த வேறொரு பெண் ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். அவள் நன்றாகவே ஆடினாள், அவள்மீது குற்றமில்லை. நன்கொடை அளித்த குடும்பம் என்பதும் எல்லோர் மனத்திலும் இருந்தது. வள்ளி கைமாறினாள். முதலில் பயின்ற குழந்தை தோழியர் வரிசையில் மூன்றாவதாக நின்றாள். அதைத் தீர்மானித்த கூட்டத்தில் நாங்களும் அமர்ந்திருந்தோம். லண்டனில் 1965-இல் நடந்ததைக் கதை கதையாகப் பேசும் நாங்கள் அன்று வாய் திறக்கவில்லை. தலையசைத்தோம்.

கதை அத்துடன் முடியவில்லை. அக்குழந்தையின் தாயார், கும்பகோணத்திலுள்ள பாட்டியம்மாளுக்கு அனுப்புவதற்காக விழாவின் வீடியோப் பதிவைக் கேட்டு வாங்கினார். ஒரு மாலை எங்கள் வீட்டிலேயே அதைப் போட்டுப் பார்த்தோம். கேமரா முழுவதும் வள்ளியின் முகத்தையே பின்தொடர்ந்தது. தோழியர் ஆட்டம் முழுவதிலும் அந்தக் குழந்தையைக் காணவில்லை. ஓரத்தில் ஒரே ஒரு கை வந்து போயிற்று. "அது என் கைதான், மாமி, வளையலைப் பாருங்கள்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்களால் சிரிக்க முடியவில்லை. பாத்திரத்தை நாம் பறித்தோம். எஞ்சியதைக் கேமரா பறித்தது.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, எந்தக் குழந்தையைக் கொண்டு ஒரு பாத்திரம் அமைந்ததோ அந்தக் குழந்தையே அதை ஆட வேண்டும். பின்னால் வருபவருக்குத் தனியே ஒரு பதம் ஆட இடம் கொடுப்போம். மாற்றம் தவிர்க்க இயலாததாயின், பெரியவர் ஒருவர் குழந்தையை அழைத்து நேரில் காரணம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அரங்கின் நடுவே ஒரு கேமராவை அசைக்காமல் நிறுத்தி மேடை முழுவதையும், ஆடும் பாதங்களையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். நெருங்கிக் காட்டும் அழகை வேறொரு கேமரா செய்யட்டும். ஊரிலிருக்கும் எந்தப் பாட்டியம்மாளும் தன் பேத்தியைத் தேடி ஏமாறக்கூடாது.

மூன்றாவது வேண்டுகோள் உங்களுக்கு. ஆட்டம் நடக்கும்போது கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். உங்கள் குழந்தை மேடையிலிருந்து பார்க்கும்போது அதற்கு உங்கள் முகம் தெரிய வேண்டும். நாயகியை மட்டும் பாராமல் மூன்றாவது தோழியையும் பாருங்கள். அவளும் மூன்று மாதம் உழைத்தவள்.

இவ்வாண்டும் சற்று நேரத்தில் திரை விலகப் போகிறது. சென்ற முறை ஓரத்தில் கையாக மட்டும் தெரிந்த அந்தப் பெண் இன்று சிறு குழந்தைகளுக்கு ஆட்டம் கற்பித்து, பக்கத் திரைக்குப் பின்னால் நிற்கிறாள். அவளிடம் அன்று கேட்க வேண்டிய மன்னிப்பை, சபையின் முன்னால் இன்று கேட்டுக்கொள்கிறோம்.